வலி நின்ற பல்

சஜ்தாவில் நெற்றி பாயைத் தொட்ட கணத்தில்தான் அந்தப் பல் தன் இருப்பை எமக்கு முதன்முதலில் அறிவித்தது. நிற்கையில் ஒன்றுமில்லை. ருகூவில் ஒரு மெல்லிய துடிப்பு. சஜ்தாவிலோ, கீழ்த்தாடையின் இடப்புறத்திலிருந்து காது வரை நெருப்புக் கம்பியை இழுத்தாற்போல் இருந்தது. தலை தாழும்போது பல்லுக்குள் இரத்த அழுத்தம் கூடுகிறது என்று பின்னாளில் மருத்துவர் விளக்கினார். அன்று எமக்குத் தெரிந்தது, தஸ்பீஹை மும்முறை நிறுத்தி ஓத இயலவில்லை என்பதும், பின்னால் நின்ற பிள்ளைகள் அதைக் கவனித்துவிட்டார்கள் என்பதும்தான். "ஹஜ்ரத், இன்னிக்குத் தொழுகை ரொம்ப வேகம்" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

ஜவ்வாது மலையில் நாம் பாடம் நடத்தும் மக்தப் மிகச் சிறியது. ஒரு வாடகை வீட்டின் முன்கூடம், நான்கு பாய்கள், ஒரு கரும்பலகை, பதினேழு பிள்ளைகள். புளி, தேன், சாமை, கடுக்காய் போன்ற மலைப்பொருள்களை வாங்கி விற்கவும் கடை வைக்கவும் சமவெளியிலிருந்து ஏறி வந்த சில குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். எமது சொந்த ஊர் கூத்தாநல்லூர்ப் பக்கம். மலைக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எம்மை ஹஜ்ரத் என்று அழைக்கிறார்களே தவிர, நாம் ஏழாண்டு ஓதி ஸனது பெற்ற ஆலிம் அல்லர். இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்ற ஓர் ஆசிரியர், அவ்வளவே. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

பல் நோய்க்கு மலையில் முதலில் கிடைப்பது கைவைத்தியம். பக்கத்து வீட்டு மலையாளிப் பாட்டி கடுக்காய்த்தூளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். இந்த மலையின் கடுக்காய்தான் ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாகக் கீழே இறங்கித் தோல் பதனிடும் தொட்டிகளுக்குப் போனது. தோலையே இறுக்கும் கடுக்காய்க்கு ஈறு எம்மாத்திரம் என்று நாமும் பூசிக்கொண்டோம். எம் துணைவியார் கிராம்பைத் தட்டிப் பல்லின் பொந்தில் வைத்தார். கிராம்பு பொய் சொல்லாது. அதன் எண்ணெயில் உள்ள யூஜினால் என்னும் பொருள் மரத்துப்போகச் செய்யக்கூடியது. பல் மருத்துவர்கள் தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் கலவை ஒன்றிலும் அதுவே சேர்க்கப்படுகிறது. பல் மருத்துவ அறைகளில் கிராம்பு மணப்பது அதனால்தான். ஆனால் கிராம்பு வலியைத் தூங்க வைக்குமே அன்றி, உள்ளே குடியேறிய கிருமியை வெளியேற்றாது.

துஆவும் ஓதினோம். உடலில் வலியுள்ள இடத்தில் கை வைத்து, மும்முறை பிஸ்மில்லாஹ் சொல்லி, தாம் உணரும் தீங்கிலிருந்து அல்லாஹ்வையும் அவனது வல்லமையையும் கொண்டு ஏழு முறை பாதுகாப்புத் தேடும்படி உஸ்மான் பின் அபில்ஆஸ் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்த செய்தி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கன்னத்தில் கை வைத்து நாம் இரவெல்லாம் அதை ஓதினோம். இரவில்தான் பல்வலி தன் முழு உருவத்தையும் காட்டும். படுத்தால் கூடும், எழுந்து உட்கார்ந்தால் சற்றே குறையும். வெந்நீர் பட்டால் தாங்காது. குளிர்ந்த நீரை வாயில் வைத்துக்கொண்டிருந்தால் இரண்டு நிமிடம் நிம்மதி. ஒன்பது நாள்கள் இப்படிக் கழிந்தன.

பத்தாம் நாள் சுப்ஹுத் தொழுகையில் சஜ்தா செய்தோம். வலி இல்லை. எழுந்து வெந்நீர் குடித்துப் பார்த்தோம். இல்லை. விரலால் பல்லைத் தட்டினோம். மரக்கட்டையைத் தட்டியது போல் இருந்தது. கண்கள் கலங்கிவிட்டன.

அன்று மாலை பாடம் முடிந்ததும், பிள்ளைகளை அழைத்துப்போக வந்திருந்த பெற்றோரை நிறுத்தி, அந்தத் துஆவைக் கற்றுக்கொடுத்தோம். நபிமொழி வழிமரபைச் சொன்னோம். பிறகு எமது பல்லைச் சாட்சியாக நிறுத்தினோம். "ஒன்பது நாள் துடித்தோம், மருந்து இல்லை, மருத்துவர் இல்லை, இன்று வலி அறவே நீங்கிவிட்டது" என்றோம். துஆவைக் கற்பித்ததில் பிழை ஏதுமில்லை. அதனோடு சேர்த்த அந்த இரண்டாவது வாக்கியம் எமது சொந்தச் சரக்கு. அதைக் கேட்ட தாய்மார்களில் ஒருவருக்கு ஒன்பது வயதில் ஒரு மகன் இருந்தான். அவனுக்கும் கடைவாயில் சொத்தை. அவர்கள் அந்த வாரம் மலையிறங்கி மருத்துவரிடம் காட்டுவதாக இருந்தார்கள். எம் பேச்சைக் கேட்டுப் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். இது எமக்கு அப்போது தெரியாது.

மருத்துவரிடம் போக நாமும் தயங்கியதற்குச் சோம்பலும் செலவும் மட்டும் காரணங்கள் அல்ல. வாணியம்பாடியில் நடந்ததை இப்பகுதியில் அறியாதவர் இலர். அங்கிருந்த ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு 2023 ஆம் ஆண்டை ஒட்டிய மாதங்களில் காய்ச்சலும் தலைவலியும் வந்து மூளை வரை நோய் பரவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினரும் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தாரும் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையினரும் அதை ஆராய்ந்தார்கள். 2025 இல் ஆய்வு வெளிவந்தபோது செய்தித்தாள்கள் எல்லாவற்றிலும் அதைப் படித்தோம். அந்த ஒரே மருத்துவமனையோடு தொடர்புடைய நோயாளிகள் 10 பேர். அவர்களில் 8 பேர் இறந்துபோனார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் பர்கோல்டேரியா சூடோமல்லேய் என்னும் கிருமிதான் காரணம். அது வந்து சேர்ந்த வழி ஒரு சலைன் புட்டி. தூய்மையாக்கப்படாத கருவியால் புட்டியைத் திறந்து, வாயைக் கழுவப் பயன்படுத்தி, தளர மூடி வைத்து, மீண்டும் அதே நீரை அடுத்தவருக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பல்வலி என்று போனவர்கள் ஜனாஸாவாகத் திரும்பிய செய்தியைப் படித்தவர் எவரும் அந்த நாற்காலியில் அமர அஞ்சத்தான் செய்வார். நாமும் அஞ்சினோம். ஆனால் அச்சத்துக்குத் தவக்குல் என்று பெயர் சூட்டிக்கொண்டதுதான் நாம் செய்த தவறு. பல் மருத்துவரை அஞ்சுவதாக ஒப்புக்கொள்வதைவிட, அல்லாஹ்வின் மீது பாரம் சாட்டிவிட்டதாகச் சொல்வது மதிப்பாக இருந்தது.

ஷஅபான் கழிந்தது. ரமளானின் ஆறாம் நாள் ஸஹர் உணவின்போது அந்தப் பக்கம் கடித்தால் பல் உயர்ந்து நிற்பது போல் தோன்றியது. எட்டாம் நாள் கன்னம் வீங்கியது. ஒன்பதாம் நாள் கண்ணாடியில் பார்த்தபோது முகம் ஒருபுறம் பூசணிக்காய் போல் இருந்தது. வாயை இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. காய்ச்சல் ஏறியது. பிள்ளைகளுக்குக் குர்ஆனில் ஓர் ஆயத்தைக்கூடச் சரியான மக்ரஜோடு ஓதிக்காட்ட இயலவில்லை.

நோன்போடு எப்படி மருத்துவரிடம் போவது, பெருநாளுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்றோம். எம் துணைவியார் அடுப்படியிலிருந்தபடியே கேட்டார்: "நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்குன்னு பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறீங்க. அந்த ஆயத்து உங்களுக்கு மட்டும் இறங்கலையா?" பதில் சொல்ல வாயும் திறக்கவில்லை, சொல்வதற்குப் பதிலும் இல்லை.

வேலூரில் ஓதிக்கொடுக்கும் ஓர் ஆலிமை அலைபேசியில் அழைத்துக் கேட்டோம். காய்ச்சலோடு சீழ் பிடித்திருந்தால் மருந்து உட்கொள்ள நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்வதில் தடையில்லை என்றார். பல் சிகிச்சை மட்டும் என்றாலோ நோன்பையே விட வேண்டியதில்லை என்றும் சொன்னார். 1997 இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமியின் பத்தாவது அமர்வு இதை ஆராய்ந்திருக்கிறது. பல்லைத் துளையிடுவதும் பிடுங்குவதும் சுத்தம் செய்வதும், தொண்டைக்குள் செல்வதை விழுங்காமல் தவிர்த்தால், நோன்பை முறிக்காது. ஊட்டம் தரும் திரவங்களைத் தவிர்த்த மருந்து ஊசிகளுக்கும் அதே முடிவுதான். ரமளான் முழுதும் பல்லைப் பிடித்துக்கொண்டு வேதனைப்படும் நம் மக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எண்ணிப் பார்த்தோம். எமக்கே தெரியாதிருந்தது.

மறுநாள் காலை முதல் பேருந்து. ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர், ஆலங்காயம் வழியாக இறங்கும் சாலையின் ஒவ்வொரு வளைவும் தாடையில் எதிரொலித்தது. காவலூர் வானாய்வகத்தைக் கடக்கையில் ஒரு கசப்பான எண்ணம் வந்து போனது. 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியால் இங்கிருந்து விண்மீன்களை ஆராய்கிறார்கள். எம் வாய்க்குள் இரண்டு அங்குலத்தில் நடந்ததை நாம் ஒரு மாதமாகப் பார்க்கவில்லை.

சமவெளியில் ஓர் ஊரில், எம் உறவினர் ஒருவர் காட்டிய பெண் மருத்துவரிடம் சென்றோம். நாற்காலியில் அமருமுன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடத் துணிந்தோம். வாய் திறக்காமல் முனகலாகத்தான் வந்தது: "அம்மா, தவறாக எண்ண வேண்டாம். சலைன் புட்டி..." அவர் முகம் கோணவில்லை. "வாணியம்பாடியா பாய்? கேளுங்க. எல்லாரும் கேக்கணும்" என்றார். அன்று திறக்காத புதிய புட்டியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கருவிகள் உறையிட்டு ஒட்டப்பட்டிருந்தன. ஆட்டோகிளேவில் நீராவி அழுத்தத்தில் வெந்து வந்ததும் உறையின் மேலுள்ள பட்டை நிறம் மாறும் என்று காட்டி, எம் கண் முன்னேதான் உறையைப் பிரித்தார். இதற்கு எமக்கு ஆன நேரம் இரண்டு நிமிடம். இந்த இரண்டு நிமிடக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் ஒரு மாதம் வீட்டில் இருந்தோம்.

எக்ஸ்ரே எடுத்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி எம்மைத் திகைக்க வைத்தது: "வலி எப்ப நின்னுச்சு பாய்?"

வலி நின்றதை நாம் சொல்லவே இல்லை. எப்படித் தெரியும் என்றோம். அவர் படத்தைக் காட்டினார். கீழ்க்கடைவாய்ப் பல்லின் இரு வேர்களில் ஒன்றின் நுனியில் உளுந்தளவு கருநிழல். பல்லின் வெளியே கெட்டியான எனாமல், அதற்குள் டென்டின், நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்மையான கூழ். சொத்தை இந்தக் கூழை எட்டியதும் அது வீங்குகிறது. மற்ற இடத்தில் வீக்கம் வந்தால் தசை விரிந்து இடம் கொடுக்கும். பல்லுக்குள் கூழைச் சுற்றி நாற்புறமும் கல்போன்ற சுவர். விரிய இடமில்லாமல் நெரிபடுகிறது. அதுதான் ஒன்பது நாள் வலி. பிறகு இரத்த ஓட்டம் நின்று நரம்பு இறந்துவிடுகிறது. "உங்களுக்கு வலி நின்னது குணமானதால இல்ல பாய். வலியைச் சொல்ல வேண்டிய நரம்பு செத்துப்போனதால" என்றார். இறந்த கூழில் கிருமிகள் பெருகி, வேரின் நுனித் துளை வழியே எலும்புக்குள் இறங்கிச் சீழ்க்கட்டியாக மாற வாரங்கள் ஆகும். சிலருக்கு ஆண்டுகளும் ஆகும். அந்த இடைவெளியில் நோயாளி மகிழ்ச்சியாக இருப்பார்.

அந்தச் சொல் எம்மை அடித்தது. பத்தாம் நாள் கண் கலங்க நின்றோமே, அன்றுதான் பல் இறந்திருக்கிறது. அதைத்தான் ஷிஃபா என்று சபையில் அறிவித்தோம்.

இன்னொன்றும் சொன்னார். வீக்கம் கன்னத்தோடு நின்றது அதிருஷ்டம். தாடைக்கு அடியில் இறங்கிக் கழுத்து இறுகி, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் ஏற்பட்டால் பல் மருத்துவரைத் தேடி அலையாமல் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்தாகலாம் என்றார். மலையில் இரவு பேருந்து இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

பிடுங்கிவிடுங்கள் என்றோம். ஐந்நூறு ரூபாயில் முடிந்துவிடும். ரூட் கெனால் என்று எல்லோரும் சொல்லும் வேர்ச் சிகிச்சைக்கும் அதன்மேல் கேப்புக்குமாக ஏழாயிரத்து ஐந்நூறு சொன்னார். மக்தப் ஆசிரியரின் சம்பளத்துக்கு இது சிறு தொகை அன்று. ஆனால் எலும்பு நன்றாக இருக்கிறது, பல் காப்பாற்றக்கூடியது, மெல்லுவதற்கு இதுவே முதன்மையான பல், எடுத்தால் பக்கத்துப் பற்கள் சாயும், மேற்பல் இறங்கும் என்று அவர் விளக்கியபோது, எப்போதோ படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தமது அத்தஸ்ரீஃப் நூலின் அறுவை மருத்துவப் பகுதியில் பல்லைப் பற்றி எழுதியிருக்கிறார். பல்லுக்கு எல்லா வைத்தியமும் செய்து பார்த்த பின்பே பிடுங்க வேண்டும், அவசரம் கூடாது என்கிறார். எந்தப் பல் என்று உறுதி செய்யாமல் கை வைக்கக்கூடாது என்கிறார். ஏனெனில் வலி ஏமாற்றும். நல்ல பல்லில் வலிப்பதாக நோயாளி எண்ணி அதைப் பிடுங்கிக்கொள்வார். நோயுற்ற பல் உள்ளேயே இருக்கும். நாவிதர்களின் கையில் இது நடப்பதைத் தாம் கண்டதாக அவர் குறிப்பிடுகிறார். வலி இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டியும் ஏமாற்றும் என்று ஸஹ்ராவி சொன்னார். இருக்கும் இடத்தில் இல்லை என்று காட்டியும் ஏமாற்றும் என்பதை எம் பல் சொன்னது.

அந்த அறையின் சுவரில் ஒரு பெரியவரின் படம் இருந்தது. டாக்டர் ரஃபீயுத்தீன் அஹ்மத். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915 இல் பல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1920 இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவியவர். கல்லூரிக்கான பணத்தை நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்றொரு கடை நடத்தி ஈட்டினார். பல்லைக் கெடுக்கும் இனிப்பிலிருந்தே பல்லைக் காக்கும் கல்லூரி எழுந்திருக்கிறது. அவர் பிறந்த டிசம்பர் 24 ஆம் நாளைத்தான் தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர்களில் இதுவும் ஒன்று.

முதல் நாள் பல்லின் மேல் துளையிட்டுச் சீழுக்கு வழி விட்டார். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை மிகுவதால் மரத்துப்போகும் ஊசி முழுதாக வேலை செய்யாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகவே சற்று வலித்தது. வெளிவந்த நாற்றத்தை எழுதுவதற்கில்லை. இதைச் சுமந்துகொண்டா குர்ஆன் ஓதினோம் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் தாடையின் இறுக்கம் தளர்ந்தது. ஸஹ்ராவியின் நோயாளிகளுக்கு மரத்துப்போகும் ஊசி இல்லை. எமக்குப் போட்ட லிக்னோகெயின் ஸ்வீடன் நாட்டில் 1943 இல் உருவானது. அதற்கு முந்திய தலைமுறையினர் பல்லுக்கு அஞ்சியதில் நியாயம் இருந்தது. எமக்கு அந்த நியாயமும் இல்லை.

பெருநாள் கழிந்து இரண்டாம் முறை சென்றோம். இம்முறை சற்றும் வலியில்லை. பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் திரையை மாட்டி, வாயின் எச்சில் பல்லுக்குள் இறங்காமலும் பல்லில் ஊற்றும் மருந்து தொண்டைக்குள் இறங்காமலும் தடுத்தார். எம் பல்லில் இரண்டு வேர்களுக்குள் மூன்று குழல்கள். மயிரிழை போன்ற அரங்களைக் குழலுக்குள் செலுத்திச் செலுத்தி இறந்த திசுவைச் சுரண்டி எடுத்து, கிருமிநாசினியால் மீண்டும் மீண்டும் அலசினார். கால்சியம் ஹைட்ராக்சைடு என்னும் மருந்தை உள்ளே வைத்து மூடி இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னார்.

மூன்றாம் முறை குழல்களை நிரப்பினார். நிரப்பும் பொருளின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டோம். கட்டா பெர்ச்சா. மலாயாவின் காட்டு மரம் ஒன்றின் பால் அது. மலாய் மொழியில் கெத்தா என்றால் மரப்பால். பினாங்கில் கடை வைத்திருந்த எம் பாட்டனார் ரப்பர்த் தோட்டத்தைக் கித்தாக்காடு என்றே சொல்வார். மலேசியத் தமிழர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு இந்தப் பாலைத்தான் உறையாகச் சுற்றினார்கள். எம் பாட்டனார் கடல் கடந்து போன நாட்டின் மரப்பால், இப்போது பேரனின் பல் வேருக்குள் இருக்கிறது.

இதற்கிடையே வளைகுடாவிலிருந்து எம் மைத்துனர் ஒரு காணொளியை அனுப்பினார். ரூட் கெனால் செய்த பல்லால் புற்றுநோய் வருமாம். இந்தப் பேச்சின் வேர், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவின் வெஸ்டன் பிரைஸ் என்னும் பல் மருத்துவர் செய்த சோதனைகளில் இருக்கிறது. அவை முறையாகச் செய்யப்படாதவை என்று பின்வந்த ஆய்வாளர்கள் தள்ளிவிட்டார்கள். மருத்துவர்கள் கைவிட்டதை அலைபேசிகள் கைவிடவில்லை. மைத்துனருக்கு இதை விளக்கி எழுதினோம். அவர் ஒரு பூங்கொத்துப் படத்தை அனுப்பினார். ஏற்றாரா என்பது தெரியவில்லை.

கேப் போடுவதில் ஒளூவும் குளிப்பும் கூடுமா என்று எம் ஜமாஅத்தின் பெரியவர் ஒருவர் கவலைப்பட்டார். நிலையாகப் பொருத்தப்பட்டு, கழற்ற இயலாத ஒன்று உடலின் பகுதியைப் போன்றதே; அதன்மேல் நீர் பட்டால் போதும் என்பதே மார்க்க அறிஞர்களின் விளக்கம். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்கு வைத்து, அது நாற்றமெடுத்தபோது தங்கத்தால் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. அதைக்கொண்டே பல்லையும் அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். எமது கேப் தங்கம் அன்று, வெறும் உலோகம். சிரித்தால் தெரியாத இடம் என்பதால் விலை குறைந்ததையே கேட்டோம்.

மருத்துவர் எம் பற்களைப் பார்த்துச் சொன்ன ஒன்றை எழுதாமல் விடக்கூடாது. "முன்பல்லெல்லாம் அழகா இருக்கு பாய். மிஸ்வாக்கா? பின்னாடி மட்டும் ஏன் இப்படி?" உம்மத்துக்குச் சிரமமாகும் என்றில்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் பல் துலக்கும்படி கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் நூறு முறை பாடம் நடத்தியிருப்போம். ஐவேளையும் மிஸ்வாக்கை முன்பற்களில் நாலு இழுப்பு இழுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். சர்க்கரை நிரம்பிய தேநீர் தங்குவது பின்பற்களின் குழிகளில். சுன்னத்தைப் பாதி வாயோடு முடித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி அந்தச் சிறுவனின் செய்தி. முதல் நாள் சீழ் எடுத்துக்கொண்டு மலையேறிய மாலையில், எம் வீங்கிய முகத்தைப் பார்க்க அவன் தாயார் நோன்புக் கஞ்சியோடு வந்தார். "ஹஜ்ரத், நீங்க சொன்னதை ஓதினோம். எம் மகனுக்கும் வலி நின்னுடுச்சு. ஈறுல மட்டும் ஒரு சின்னக் கொப்புளம், அதுவும் உடைஞ்சு உடைஞ்சு ஆறுது" என்றார் மகிழ்ச்சியோடு.

எமக்கு உடல் குளிர்ந்தது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்னும் நபிமொழியை அபூதாவூதும் நஸாயீயும் பதிவு செய்திருக்கிறார்கள். போலி மருத்துவர்களைப் பற்றியது என்றே அதை இதுவரை வாசித்திருந்தோம். மருந்து ஏதும் கொடுக்காமல், குணமாகிவிட்டது என்று ஒரு தீர்ப்பை மட்டும் கொடுத்த எம்மையும் அது சேர்க்குமா? ஃபத்வா சொல்லும் தகுதி எமக்கு இல்லை. ஆனால் அந்த இரவு உறக்கம் வரவில்லை, பல்லில் வலி இல்லாதபோதும்.

மறுநாள் அஸருக்குப் பின் பெற்றோரை மீண்டும் அழைத்தோம். துஆ உண்மை, நாம் சொன்ன சாட்சி பொய்யாகிவிட்டது என்றோம். நடந்ததை எக்ஸ்ரே படத்தோடு காட்டினோம். மருத்துவம் செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எந்த நோயையும் அல்லாஹ் நிவாரணமின்றி வைக்கவில்லை என்ற கருத்தில் வந்த செய்தியையும் சொன்னோம். அதையும் அன்றே சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு தந்தை மட்டும், "விடுங்க ஹஜ்ரத், நீங்களா வேணும்னு செஞ்சீங்க?" என்றார். சிறுவனின் தாயார் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாதிருந்தது அந்தத் தந்தையின் ஆறுதலைவிடப் பெரிதாக இருந்தது.

பெருநாள் கழிந்ததும் அவர்களை நாமே அழைத்துச் சென்றோம். பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று அவர்கள் எண்ணியிருந்தார்கள். அது பால் பல் அன்று. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே கடைசியில் சத்தமின்றி முளைக்கும் முதல் நிலைப்பல் அது. பால் பற்களோடு கலந்து நிற்பதால் எத்தனையோ பெற்றோர் இப்படியே ஏமாறுகிறார்கள் என்றார் மருத்துவர். முளைத்த பல்லின் வேர் முழுதாக வளர்ந்து நுனி மூடவே ஒன்பது பத்து வயதாகும். நரம்பு முன்னரே இறந்ததால் இவனுக்கு வேரின் நுனி இன்னும் திறந்தே இருந்தது. பெரியவர்களுக்குச் செய்வதுபோல் நேராக நிரப்பிவிட முடியாது. மருந்து வைத்து நுனியை மூடச்செய்து, பிறகே நிரப்ப வேண்டும். பல வருகைகள் ஆகும். ஒரு மாதம் முன்பே வந்திருந்தால் எளிதாக இருந்திருக்குமா என்று கேட்டோம். இருந்திருக்கலாம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

செலவில் பாதியை நாம் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னோம். தாயார் மறுத்தார். பேருந்துக் கட்டணத்தை மட்டும் எம்மிடம் விட்டுக்கொடுத்தார்.

இதுவரை மூன்று முறை இறங்கிவிட்டோம். கொப்புளம் மறைந்துவிட்டது, நுனி மூடியதா என்பது அடுத்த எக்ஸ்ரேயில் தெரியும். முதல் பேருந்தில் சன்னலோரம் சிறுவன், அடுத்து அவன் தாயார், முன்னிருக்கையில் நாம். வண்டி புறப்பட்டதும் அவர் மகனின் கன்னத்தில் கை வைத்து அந்தத் துஆவை ஓதத் தொடங்குவார். சிறுவன் விரல் மடக்கி ஏழு வரை எண்ணுவான். காவலூர் வளைவில் வண்டி குலுங்கும்போது எண்ணிக்கை தவறிவிடும். "அம்மா, அஞ்சா ஆறா?" என்பான். அவர் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவார்.